சாரங்கு வீட்டுக் கல்யாணம்

கும்சில் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவள். அவள் புருஷன் தால்சூ கடல்மேல் மிதந்து சம்பாதிக்கிறவன். கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவின் மீன் சந்தையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

"அடியில ஒருத்தி, மேல ஒருத்தன். எப்பத்தாம்மா சந்திச்சு ஒரு பிள்ளையையும் பெத்தீங்க?" என்பார்கள்.

"லீவுல" என்பாள் கும்சில், கத்தியால் சிப்பியைப் பிளந்தபடியே.

தால்சூ சரக்குக் கப்பலில் சாரங்கு. மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவன். கயிறு, சங்கிலி, நங்கூரம், பெயிண்ட் எல்லாம் அவன் பொறுப்பு. வருஷத்தில் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் மிரானுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருமுறை அவன் லீவில் வந்தான். குழந்தை அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டது. தால்சூ விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் குளியலறைக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த மிரானுக்குத்தான் இப்போது கல்யாணம். கொரோனாவினால் ஒரு தடவை தள்ளிப்போனது. அப்பாவைக் கப்பலிலிருந்து இறங்க எந்தத் துறைமுகமும் விடவில்லை என்று இன்னொரு தடவை தள்ளிப்போனது. "மூணாந்தடவை தள்ள மாட்டேன்" என்று மிரான் சொல்லிவிட்டாள். ஆரம்பப்பள்ளி டீச்சர் அவள். சொன்னால் சொன்னதுதான். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. அதிசயமாக அதே வாரம் தால்சூவின் கப்பல் பூசானுக்கு வந்தது. தென்துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு, எண்ணெயும் சாமானும் ஏற்றிக்கொண்டு, ஆள் மாற்றிக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் பனாமாவுக்குக் கிளம்பும். தால்சூ வியாழக்கிழமை இறங்குவான். தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தான். அவனுக்குப் பதிலாக வர வேண்டிய ஆளும் தயாராக இருந்தான்.

புதன்கிழமை மத்தியானம் அலைச்சுவரில் நின்றுகொண்டு கும்சில் போன் போட்டாள்.

"கப்பல் தெரியுதா?" என்றான் தால்சூ.

"எது? நாலஞ்சு நிக்குது. எல்லாமே துருப்பிடிச்சுத்தான் கிடக்கு."

"அடியே, அடி செவப்பு, மேல கறுப்பு. போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சேன். துருவாம்ல துரு!"

"கைய ஆட்டுங்க பாப்போம்."

"ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கொசு மாதிரி ஒண்ணு ஆடுது. நீங்கதானா?"

"கொசு மஞ்சத் தொப்பி போட்டிருந்தா நான்தான்."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தக் கொசுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் போனவன்.

வியாழக்கிழமை காலை லாஞ்சுத் துறைக்குப் போனபோது ஒரு கையில் தால்சூவின் கனத்த கோட்டும் மறுகையில் கடல்பாசிச் சூப்பு ஊற்றிய பிளாஸ்க்கும் இருந்தன. லாஞ்சு ஓட்டுகிற போங்சிக் தால்சூவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நங்கூரத்தில் நிற்கிற கப்பல்களுக்கு ஆளும் காய்கறியும் கொண்டுபோய் விடுவதுதான் அவன் பிழைப்பு. ஊரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிற வாய். அன்றைக்கு லாஞ்சு துறையில் அணைந்தபோது அந்த வாய் மூடியிருந்தது.

லாஞ்சிலிருந்து இறங்கியது ஒரே ஆள். முப்பது வயது சொல்லலாம். மெல்லிய சட்டை. முதுகில் ஒரு பை. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கரையில் கால் வைத்ததும் தள்ளாடினான்.

கும்சில் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை.

"எங்கப்பா அவரு?"

போங்சிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். அந்த இளைஞன்தான் அவள் முன்னால் வந்து நின்றான். தால்சூ அறையில் ஒட்டியிருந்த போட்டோவில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது.

"அண்ணி" என்றான் உடைந்த கொரிய மொழியில். "நான் தெட் நைங். பர்மா. இது என் எடம் இல்ல. சாரங்கு எடம்."

சொல்லிவிட்டு ஈரச் சிமெண்டிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினான்.

மிச்சத்தைப் போங்சிக்தான் சொன்னான். இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர், சாரங்கும் இந்தப் பையனும். ஏற வேண்டியவர்களும் இரண்டு பேர். அதில் ஒருவனுக்குக் காலைச் சோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. கப்பலில் ஆள் குறையக் கூடாது. ஒருவன்தான் இறங்கலாம்.

"புது சாரங்கு ஏறிட்டான் மதினி. மொறைப்படி நீதான் எறங்கணும்னு கேப்டனே சொன்னாராம். நம்ம தால்சூதான் பையன அனுப்புங்கன்னு நின்னுட்டான்."

"புது சாரங்கு ஏறிட்டான்னா இவரு அங்க என்ன பண்ணப்போறாரு?"

"பையனோட வேலையத்தான். டெக்கு கழுவுறது, துரு தட்டுறது. அந்தப் புது ஆளுக்குக் கீழ."

அந்தப் பையனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்றுதான் கும்சிலுக்கு முதலில் வந்தது. அவன் எழுந்து நின்றான். சட்டைக்கைக்கு வெளியே அவன் மணிக்கட்டுகள் தெரிந்தன. நாணல் குச்சிபோல் இருந்தன. காற்று வேறு அறுத்தது. அவள் புருஷனின் கோட்டை விரித்து அவன் தோளில் போட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள், சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல. பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"குடி. ஆறதுக்குள்ள குடி."

அவன் நின்றுகொண்டே குடித்தான். கடைசியில் மூடியை வழித்தும் குடித்தான். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

வண்டி போனபிறகு அவள் படகு கட்டுகிற கல்லில் உட்கார்ந்தாள்.

"என்ன மதினி, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சிட்டீங்க?"

"கவுந்திருந்தாக்கூடத் தேவல. கண்ணு முன்னால நிக்குதே!"

 போனில் தால்சூ, அவள் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தான். அவள் திட்ட ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். தண்ணீருக்கடியில் பழகிய நெஞ்சு.

"முடிஞ்சுதா?"

"முடியல. மூச்சு வாங்கிக்கிறேன்."

"கும்சில், அந்தப் பய ரெண்டு மாசமா பேச்சை நிறுத்திட்டான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். பின்பக்கத்துக் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிப்பான். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட நான்தான் தோளத் தொட்டுக் கூட்டிட்டு வரணும். இன்னொரு பயணம் அவனால ஆகாது."

"நம்ம பொண்ணு?"

"நான் இல்லேன்னா அவ கல்யாணம் நிக்காது. நான் விடலேன்னா அவன் நிக்க மாட்டான்."

 கடலோரத்துப் பெண் கும்சில். அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"மிரான்கிட்ட நீ சொல்லிடேன்" என்றான் மெதுவாக.

"நான் ஏன் சொல்லணும்? நான் மட்டுமா பெத்தேன்?"

அவன் மூன்று முறை கூப்பிட்டும் மிரான் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். கடைசியில் சாயங்காலம் சமையலறையில் கும்சில்தான் சொன்னாள். எதையும் மறைக்காமல், பர்மாக்காரப் பையன் மண்டியிட்டதுவரை சொன்னாள். மிரான் கேட்டு முடித்து, "சரி" என்றாள். தட்டில் இருந்த சோற்றைத் தின்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். தன் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் கும்சிலுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மிரான் வரவில்லை, போனும் இல்லை. சனிக்கிழமை காலையில்தான் வந்தாள். கையில் கல்யாண உடுப்புப் பை. உட்காராமல், வாசல் நிலையில் சாய்ந்தபடியே கேட்டாள்.

"அம்மா, அந்தப் பையன் ஊருக்குப் போய்ச் சேந்துட்டானா?"

"வீட்டுக்குப் போய்ட்டானாம். அவங்கம்மா உங்கப்பாவுக்குப் போன் பண்ணி அழுதாங்களாம். ஒரு வார்த்தை புரியலையாம், ஆனா வைக்கவும் மனசு வரலையாம்."

மிரான் உடுப்புப் பையை மறுகைக்கு மாற்றினாள். பிறகு, "சின்ன வயசுல நான் ஒரு காரியம் பண்ணியிருக்கேன்மா. அப்பா ஊருக்குப் போற அன்னிக்கி, அந்தக் கப்பல் முழுகிப் போகணும்னு சாமி கும்பிட்டேன். முழுகிட்டா வீட்டுலயே இருப்பாருன்னு நெனச்சேன். அவரும் அதுலதான் இருப்பாருங்கறது தோணவே இல்ல" என்றாள்.

கும்சில் வெங்காயம் அரிவதை நிறுத்தினாள்.

"கப்பல் நாளைக்கி எத்தனை மணிக்குக் கெளம்புது?"

"சாயங்காலந்தான்."

"போங்சிக் சித்தப்பாவ லாஞ்ச நல்லாக் கழுவி வைக்கச் சொல்லு. மீன் நாத்தம் இருக்கக் கூடாது."

போங்சிக் தலையைச் சொறிந்தான். "காய்கறி ஏத்தியிருக்கேன், பன்னி ஏத்தியிருக்கேன். மணப்பொண்ண ஏத்தினதில்ல." ஆனால் துறைமுக வானொலியில் கூப்பிட்டு அனுமதி கேட்டது அவன்தான். யாரும் கப்பலில் ஏறக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது, கை நீட்டித் தொடக் கூடாது, தள்ளியே நிற்க வேண்டும் என்று பதில் வந்தது.

"கும்பிடலாமா?" என்று கேட்டான் போங்சிக்.

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "கும்பிடக் கூடாதுன்னு எங்கேயும் சொல்லல" என்றது குரல்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. எல்லோரும் முகக்கவசத்தோடு வந்து கைதட்டினார்கள். பெண்ணை அழைத்துவர அப்பா இல்லாததால் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்துக்கொண்டே நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை கிபோம் ரொட்டிக்கடை வைத்திருப்பவன். வெள்ளைவெளேரென்று, மாவில் பிசைந்து வைத்த மாதிரி இருப்பான். மலைப்பக்கத்து ஊர்க்காரன். படகில் ஏறியதே இல்லை.

சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் துறைக்கு வந்தார்கள். மிரான் சிவப்புப் பாவாடையும் பச்சை மேலங்கியுமாக, கொண்டையில் ஊசி செருகி, லாஞ்சில் கால் வைத்தபோது, துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போங்சிக் தளத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பாய் விரித்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மாப்பிள்ளைக்கு ஒரு வாளியும் வைத்திருந்தான்.

"இது எதுக்கு மாமா?" என்றான் கிபோம்.

"அலைதடுப்பு தாண்டினதும் தெரியும் மாப்ள."

தெரிந்தது. கிபோமின் முகம் பச்சை மேலங்கியோடு போட்டி போட ஆரம்பித்தது.

கப்பலை நெருங்க நெருங்க அது சுவராக உயர்ந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் மேலே கம்பித் தடுப்பு தெரிந்தது. அங்கே எல்லோரும் நின்றார்கள். கேப்டன், இன்ஜின் அறை ஆட்கள், ஏப்ரன் கட்டிய சமையல்காரன், மூன்று நாளைக்கு முன்னால் ஏறிய புது சாரங்கு. நடுவில் தால்சூ. யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டு தோளில் இறுக்கியது. கழுத்தில் டை. கும்சில் அவனை டை கட்டிப் பார்த்தது அவர்கள் கல்யாணத்தன்றுதான். தலைமுடி இப்படி நரைத்திருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. போனில் நரை தெரிவதில்லை.

போங்சிக் இன்ஜினைத் தணித்தான். கும்சில் மகளின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். மிரான் இரண்டு கைகளையும் நெற்றிக்கு உயர்த்தி, ஆடுகிற தளத்தில் மெல்ல மெல்ல மடங்கி உட்கார்ந்து, தலை தாழ்த்தினாள். பாவாடை அவளைச் சுற்றிப் பூப்போல விரிந்தது. பக்கத்தில் கிபோமும் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் வைத்தான். மிரான் எழுந்தாள். கிபோம் எழவில்லை.

மேலேயிருந்து ஒலிபெருக்கியில் தால்சூவின் குரல் கரகரத்தது. "மாப்ள! போதும் போதும், எந்திரிங்க! அவ்வளவு மரியாதை வேணாம்!"

"மரியாத இல்ல மாமா..." என்று முனகிவிட்டுக் கிபோம் வாளியைத் தேடினான். கப்பல் முழுக்கச் சிரித்தது. மிரானும் சிரித்துவிட்டாள். மூன்று நாளாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்காத கும்சிலுக்கு, கிபோமைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கும்பிட்ட பெண் மாப்பிள்ளைக்குப் பெரியவர்கள் இலந்தையும் கஷ்கொட்டையும் வீச வேண்டும். விரித்த துணியில் அவர்கள் பிடிக்க வேண்டும். எத்தனை விழுகிறதோ அத்தனை பிள்ளை என்பது வழக்கம். கப்பலில் இலந்தைக்கு எங்கே போவது? சமையல்காரன் அரபு நாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய பேரீச்சம்பழத்தையும், கஷ்கொட்டைக்குப் பதில் வேர்க்கடலையையும் துணிப்பையில் கட்டிக் கொடுத்திருந்தான். தால்சூ அதை வீச்சுக் கயிற்றின் நுனியில் முடிந்தான். கப்பல் துறையை அணையும்போது கரையில் நிற்பவனுக்கு எறிகிற மெல்லிய கயிறு அது. வாழ்நாள் முழுக்க அவன் எறிந்த கயிறு.

அவன் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, வீசினான். காற்று பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது.

"சாரங்கு, கை போச்சு!" என்று மேலே கத்தினார்கள்.

"குடுங்கண்ணே, நான் போடுறேன்" என்று புது சாரங்கு கை நீட்டினான்.

"ஏன், உம் பொண்ணா கீழ நிக்குது? தள்ளு!"

சமையல்காரன் இன்னொரு பை கட்டினான். இந்தத் தடவை தால்சூ டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, காற்று விழுகிறவரை காத்திருந்தான். கயிறு வளைந்து வளைந்து இறங்கியது. லாஞ்சின் கூரையைத் தாண்டிப் போகப் பார்த்தது. வாளியோடு உட்கார்ந்திருந்த கிபோம் சட்டென்று எழுந்து எட்டிப் பிடித்தான்.

"மாப்ள புடிச்சிட்டாரு!" என்று போங்சிக் கூவினான்.

கிபோம் கயிற்றை மிரான் கையில் கொடுத்தான். பையை அவிழ்க்க வேண்டியதுதான். அவள் அவிழ்க்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். மறுமுனை அப்பாவின் கையில் இருந்தது. அவள் லேசாக ஓர் இழுப்பு இழுத்தாள். மேலேயிருந்து ஓர் இழுப்பு வந்தது.

"அப்பா!" என்று கத்தினாள். 

தால்சூ ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனான். எடுத்தான். மறுபடி கொண்டுபோனான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சாப்ட்டியாம்மா?" என்றான்.

"இன்னும் இல்லப்பா!"

"போய்ச் சாப்பிடுங்க. மாப்ளக்கிக் கஞ்சி குடு. காத்து ஏறுது, கரைக்குப் போங்க."

கும்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "முப்பது வருஷமா இதத்தான் பேசுறாரு" என்று போங்சிக்கிடம் சொன்னாள்.

லாஞ்சு திரும்பியபோது கேப்டன் சங்கை ஊதச் சொன்னார். நீளமாக ஒன்று. அந்த அதிர்வு மார்புக்குள் போய் நின்றது. அது அடங்குவதற்குள் பக்கத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல் பதில் ஊதியது. அதற்கப்பால் தாதுக் கப்பல். கும்சில் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கப்பல்களின் கம்பித் தடுப்புகளிலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எப்போது வந்து நின்றார்களோ, இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்காரர்களோ. ஒருவன் துண்டை எடுத்து ஆட்டினான். இன்னொருவன் போனை உயர்த்திப் படம் பிடித்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் எந்தெந்தக் கரையில் அவர்கள் இல்லாமல் நடந்து முடிந்தனவோ என்று நினைத்தாள். சந்தையில் அரிசி, சோளம், எண்ணெய் எல்லாம் எப்போதும்போல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது அந்த வருஷமும். அது எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, சாரங்கு பெண்டாட்டியாக இருந்தும்.

அவள் எழுந்து, அந்தக் கப்பல்களைப் பார்த்து, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டாள்.

இருட்டுவதற்குள் தால்சூவின் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த வசந்தத்தில் அவன் திரும்பி வந்தபோது செர்ரி மரங்கள் பூத்து உதிர்ந்திருந்தன. இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்பே வேலைக்கு ஏறிப் பழகிய உடம்பு. வீட்டில் உருண்டு புரண்டு கும்சிலிடம் திட்டு வாங்கிவிட்டு, எங்கேயோ எழுந்து போக ஆரம்பித்தான். எங்கே என்று ஒரு வாரம் கழித்து மிரான் வந்து சொன்னாள்.

"அம்மா, அப்பாவ வீட்டுலயே கட்டிப் போடு. தெனமும் விடியக்காலம் ரொட்டிக்கடைக்கு வந்துடறாரு. கிபோமுக்கு மாவு பிசைஞ்சு குடுக்கறாரு. கடை வாசல டெக்கு கழுவுற மாதிரி வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவுறாரு. வர்றவங்க எல்லாம் வழுக்கி விழறாங்க."

"மாப்ள என்ன சொல்றாரு?"

"அவரு எங்க சொல்றாரு? ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல. பக்கத்துல பக்கத்துல நின்னு மாவு பிசையுறாங்க. சந்தோஷமா வேற இருக்காங்க."

இலையுதிர்காலத்தில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த கப்பல் தயார், வருகிறாயா என்று. தால்சூ போனைக் கையால் பொத்திக்கொண்டு கும்சிலைப் பார்த்தான்.

"என்ன ஏன் பாக்குறீங்க? தண்ணிக்குள்ள போறப்ப நான் உங்களக் கேட்டுட்டா போறேன்?"

அவன் இரண்டு நாள் அவகாசம் கேட்டான். அந்த இரண்டு நாளில் போங்சிக்கின் லாஞ்சில் கயிறு பிடிக்கிறவன் வேலையை விட்டுப் போனான். போங்சிக் வந்து, "சம்பளம் கம்மி, பேச்சுத்தான் அதிகம். வர்றியாடா?" என்று கேட்டான். தால்சூ யோசித்துப் பார்த்து, கம்பெனிக்கு வேண்டாம் என்று சொன்னான்.

முதல் நாள் அவன் கூட்டிவந்தது ஒரு பிலிப்பைன்ஸ்காரனை. பத்து மாதம் கழித்துக் கரையில் கால் வைக்கிறவன். லாஞ்சு துறையில் அணைந்ததும் தால்சூ முதலில் குதித்து இறங்கி, அவனுக்குக் கை நீட்டினான்.

"பாத்து. தரை ஆடாது, நீதான் ஆடுவ. மெதுவா வா."